மின் நிறுவனத்தின் கார்பன் கணக்கு: எந்த எண்ணைப் பிடிப்பது?

ஒரு மின் நிறுவனம் எவ்வளவு புகை விடுகிறது என்பதை எந்த எண்ணை வைத்துப் பார்ப்பது? கொஞ்ச நாளாக இந்த ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஒரு கல்லூரி மாணவி, இரண்டு நாடுகளின் தேசிய மின் நிறுவனங்களை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறார். ஒருவர், மின் நிறுவனம் பசுமைத் திட்டங்களுக்கென்று கடன் திரட்ட வெளியிடும் பசுமைப் பத்திரத்தில் பணம் போடலாமா என்று யோசிக்கிறார். இன்னொருவருக்கு மின்சாரக் கார் வாங்கும் எண்ணம். அதனால் நிஜமாகவே புகை குறையுமா என்று தெரிய வேண்டும். மூவரும் ஆண்டறிக்கையைப் படித்திருக்கிறார்கள். மாணவி மொத்த டன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், பத்திரக்காரர் ‘இத்தனை சதவீதம் பசுமை’ என்ற வரியை, கார்க்காரர் ‘ஒரு யூனிட்டுக்கு இத்தனை கிராம்’ என்ற எண்ணை. எது சரி என்று கேட்டால் மூன்றுமே சரியான எண்கள்தான். கேட்கிற கேள்விக்கு எது பொருந்தும் என்பதில்தான் சிக்கல்.

இந்த அறிக்கைகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு அவற்றின் அமைப்பு தெரிந்திருக்கும். அட்டையில் காற்றாலை, பச்சைப் புல், ஓடிவரும் ஒரு குழந்தை. தலைவர் உரையில் 2050-க்கான வாக்குறுதி. நடுவில் பெரிய எழுத்தில் ஒரு சதவீதம். நிறுவனம் அந்த ஆண்டு எத்தனை டன் கரியமில வாயுவை வெளியிட்டது என்பது மட்டும் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்து அட்டவணையில், மூன்று அடிக்குறிப்புகளோடு இருக்கும். நான் எப்போதும் பின்னாலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.

## முதலில் ஒரே ஒரு யூனிட்

ஒப்பீட்டுக்குப் போகும் முன் ஒரு யூனிட் மின்சாரத்தை மட்டும் பார்ப்போம். இந்திய நிலக்கரி எரிக்கும் ஓர் அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ நிலக்கரி போகிறது. அந்த நிலக்கரியில் சாம்பலும் ஈரமும் அதிகம். கார்பன் 35 முதல் 40 சதவீதம்வரைதான். ஆக, எரிவது கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கார்பன். 12 கிராம் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் 44 கிராம் கரியமில வாயு ஆகிறது. பெருக்கிப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. நல்ல நிலக்கரியும் நவீன கொதிகலனும் இருந்தால் இது 800 கிராம் அளவுக்கு இறங்கும். எரிவாயுவைக் கூட்டுச் சுழற்சி முறையில் (எரிந்தபின் மிஞ்சும் வெப்பத்திலும் மின்சாரம் எடுக்கும் முறை) எரித்தால் 350 முதல் 400 கிராம்.

நீர், காற்று, சூரியன், அணு ஆகியவற்றுக்குப் புகைபோக்கிக் கணக்கில் பூஜ்ஜியம். சுரங்கம், சிமென்ட், எஃகு, தகடு தயாரிப்பு என்று ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டால் அவற்றுக்கும் ஓர் எண் உண்டு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2014-இல் தந்த நடுமதிப்புகள், யூனிட்டுக்கு: நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490, பெரிய சூரியப் பூங்கா 48, நீர்மின் 24, அணுமின் 12, நிலத்துக் காற்றாலை 11. இங்கே நிலக்கரிக்கு 820 என்றிருப்பது திறன்மிக்க நிலையங்களை வைத்துப் போட்ட கணக்கு. பழைய நிலையங்களுக்கு அது சலுகை.

இந்த எண்கள் மனதில் இருந்தால், எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் பாதிப் பொய்யை அங்கேயே பிடித்துவிடலாம். நிலக்கரியைப் பெரிதும் நம்பியிருக்கும் ஒரு நிறுவனம் யூனிட்டுக்கு 300 கிராம் என்று சொன்னால், எதையோ கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

ஓர் அளவுகோல் நல்லதா என்று பார்க்க நான் நான்கு கேள்விகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று, காற்று மண்டலத்தில் உண்மையில் நடப்பதை அது காட்டுகிறதா. இரண்டு, எண் மாறியது நிர்வாகத்தின் வேலையாலா, மழை, பழுது, ஊரடங்கு போன்றவற்றாலா என்று அது பிரித்துச் சொல்லுமா. மூன்று, எழுதுகோலை வைத்தே அதை நல்லதாக்கிக் காட்டுவது எவ்வளவு சுலபம். நான்கு, வேறு நிறுவனத்தோடு ஒப்பிட முடியுமா.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். உமிழ்வு இறங்கியது என்று சொன்னால் உடனே கைதட்டத் தோன்றும். எதனால் இறங்கியது என்று கேட்டபிறகு தட்டலாம். நிலையத்தை மூடியிருக்கலாம், விற்றிருக்கலாம், அது பழுதாகிக் கிடந்திருக்கலாம், அல்லது அந்த ஆண்டு நல்ல மழையாக இருந்திருக்கலாம். நான்கிலும் அட்டவணையில் ஒரே மாதிரி இறக்கம்தான் தெரியும்.

## அளவுகோல் 1: ஆண்டுக்கு மொத்தம் எத்தனை டன்

இதன் பலம் எளிமை. வானத்துக்குச் சதவீதமும் தெரியாது, கிராமும் தெரியாது. எத்தனை டன் மேலே வந்தது என்பதுதான் கணக்கு. ஒரு நாட்டின் காலநிலை உறுதிமொழியோடு மின் நிறுவனத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டுமானால் இதைவிட நேரான எண் கிடையாது.

சரி, எங்கே ஏமாறுவோம்?

தென்னாப்பிரிக்காவின் அரசு மின் நிறுவனமான எஸ்காமை எடுத்துக்கொள்வோம். அதன் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு நிலக்கரி. ஆண்டு உமிழ்வு சுமார் 20 கோடி டன் அளவில் இருந்துவந்த நிறுவனம். பராமரிப்பு இல்லாமல் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, 2023-இல் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் மின்வெட்டு. ஓடாத நிலையம் புகை விடாது, அதனால் டன் கணக்கு இறங்கும். ஆனால் அதே நேரத்தில் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் ஜெனரேட்டரை ஓட்டின. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. சின்ன ஜெனரேட்டரில் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட் கிடைத்தால் பெரிய விஷயம். யூனிட்டுக்கு 900 கிராம், அதாவது நிலக்கரிக்குக் கிட்டத்தட்டச் சமம். இந்தப் புகை எஸ்காமின் ஏட்டில் ஏறாது. மின்வெட்டால் தாமாகவே கூரையில் சூரியத் தகடு போட்டவர்களும் ஏராளம். அந்த நல்லதும் நிறுவனத்தின் சாதனை ஆகாது.

அடுத்தது விற்பனை. சுவீடன் அரசுக்குச் சொந்தமான மின் நிறுவனம் வாட்டன்ஃபால், ஜெர்மனியின் கிழக்கில் யென்ஷ்வால்டே, பாக்ஸ்பெர்க் போன்ற பெரிய பழுப்பு நிலக்கரி நிலையங்களை அவற்றின் சுரங்கங்களோடு சேர்த்து வைத்திருந்தது. 2016-இல் மொத்தத்தையும் செக் நாட்டு முதலீட்டாளர்களுக்கு விற்றது. விற்ற மறுநாள் வாட்டன்ஃபாலின் டன் கணக்கு தடாலென்று விழுந்தது. யென்ஷ்வால்டேயின் புகைபோக்கி வழக்கம்போல் புகைந்துகொண்டிருந்தது. கடனை இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிட்டு ‘நான் கடனில்லாதவன்’ என்று சொல்வதைப் போன்றது இது. இப்படிப்பட்ட விற்பனைகளுக்காகத்தான் ஒப்பிட எடுத்துக்கொள்ளும் அடிப்படை ஆண்டின் எண்ணையும் மறுகணக்கிட வேண்டும் என்று கார்பன் கணக்கு விதிமுறை சொல்கிறது. மறுகணக்கிட்டார்களா என்பது அடிக்குறிப்பில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது.

மறைந்திருக்கும் இன்னொரு குறை நியாயம் சம்பந்தப்பட்டது. மக்களில் பெரும்பகுதிக்கு இன்னும் மின்சாரமே போய்ச் சேராத ஒரு நாட்டின் நிறுவனத்துக்கு மொத்த டன் குறைவாகத்தான் இருக்கும். எத்தியோப்பியாவின் மின்சாரம் அநேகமாக முழுவதும் நீரிலிருந்து வருகிறது. 2025 செப்டம்பரில் 5,150 மெகாவாட் மறுமலர்ச்சி அணையும் திறந்தாயிற்று. ஆனால் ஏறக்குறைய பாதி மக்களின் வீட்டில் விளக்கு இல்லை. அங்கே டன் கணக்கை மட்டும் பார்த்து ‘உலகுக்கு முன்மாதிரி’ என்று சொல்வது விறகடுப்பில் சமைப்பவர்களைப் பார்த்துச் செய்யும் கேலி.

மொத்த டன்னைப் பார்க்க வேண்டிய இடம்: ஒரே நிறுவனத்தை, அதே நாட்டுக்குள், ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்க்கும்போது.

## அளவுகோல் 2: ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம்

பெரிய நிறுவனத்தையும் சிறிய நிறுவனத்தையும் ஒரே தராசில் வைக்க இதுதான் வழி. மொத்த உமிழ்வை மொத்த உற்பத்தியால் வகுக்கிறோம், அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்துவிடும். ஆனால் எதை எதால் வகுப்பது என்பதில் நிறைய விளையாட்டு இருக்கிறது.

அனல்மின் நிலையம் தானே மின்சாரம் சாப்பிடும். அரவை ஆலை, பம்பு, மின்விசிறி எல்லாம் சேர்ந்து உற்பத்தியில் 6 முதல் 9 சதவீதம். வகுக்கும்போது மொத்த உற்பத்தியை எடுத்தால் கிராம் குறைவாகத் தெரியும். வாசலைத் தாண்டி வெளியே அனுப்பியதை எடுத்தால் கூடும். அப்புறம் கம்பியில் போகும் இழப்பு. நிலைய வாசலில் 800 கிராம், வழியில் 20 சதவீதம் இழப்பு என்றால், வீட்டு பிளக்கில் வரும் ஒரு யூனிட்டின் பின்னால் 1,000 கிராம் இருக்கிறது. பழைய மின்மாற்றியை மாற்றுவது, திருட்டைத் தடுப்பது, நீளமான தாழ்வழுத்தக் கம்பிகளைக் குறைப்பது போன்ற சலிப்பான வேலைகள் உமிழ்வைக் குறைக்கும் வேலைகள்தான். அவற்றை யாரும் அட்டைப்படத்தில் போடுவதில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை, வாங்கும் மின்சாரம். அல்பேனியாவின் கேஷ் நிறுவனம் டிரின் ஆற்றின் அணைகளை வைத்திருக்கிறது. சொந்த உற்பத்தி ஏறக்குறைய முழுக்க நீர்மின். மழை பொய்த்த ஆண்டில் நாடு வெளியிலிருந்து மின்சாரம் வாங்குகிறது. சுற்றிலும் நிலக்கரியை நம்பியிருக்கும் பால்கன் நாடுகள். அப்போதும் ‘சொந்த உற்பத்தியில் யூனிட்டுக்கு எத்தனை கிராம்’ என்று கேட்டால் பதில் மாறாது, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். நாட்டில் எரிந்த விளக்குக்குப் பின்னால் இருந்த புகை பக்கத்து நாட்டின் ஏட்டில் கிடக்கும்.

ஓராண்டு எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது என்பதற்குப் பிரான்ஸ் நல்ல பாடம். அணுமின் நிலையங்களால் உலகின் மிகக் குறைந்த கிராம் கணக்கு உள்ள பெரிய நிறுவனங்களில் அந்நாட்டு அரசின் மின் நிறுவனமான இ.டி.எஃப். ஒன்று. 2022-இல் குழாய்களில் அரிப்பு விரிசல்கள் இருப்பது தெரிந்து பல உலைகளை நிறுத்தினார்கள். 2021-இல் சுமார் 36,100 கோடி யூனிட்டாக இருந்த அணுமின் உற்பத்தி 2022-இல் சுமார் 27,900 கோடியாகச் சரிந்தது. மின்சாரம் விற்றே பழகிய நாடு நாற்பது ஆண்டுகளில் முதல்முறையாக நிகர இறக்குமதியாளர் ஆனது. காலநிலைக் கொள்கை எதுவும் மாறவில்லை. பற்றவைத்த குழாய் மூட்டுகளில் விரிசல் வந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக, வளரும் நிறுவனம். ஒரு நிறுவனம் 10,000 கோடி யூனிட்டை 800 கிராமில் தயாரிக்கிறது: 8 கோடி டன். பத்தாண்டு கழித்து 16,000 கோடி யூனிட், 600 கிராம்: 9.6 கோடி டன். கிராம் 25 சதவீதம் இறங்கியது, டன் 20 சதவீதம் ஏறியது. இரண்டும் உண்மை. அறிக்கையின் முகப்பில் எது வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும், ஒரே ஓர் எண்தான் தருவேன் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால், நான் கேட்பது இதைத்தான்: வாங்கிய மின்சாரத்தையும் சேர்த்து, வெளியே அனுப்பிய யூனிட்டுக்கு எத்தனை கிராம், ஐந்து ஆண்டு சராசரி.

## அளவுகோல் 3: நிறுவு திறனில் பசுமைப் பங்கு

அறிக்கைகளுக்கு மிகவும் பிடித்த எண் இது. தீர்ப்புச் சொல்ல மிகவும் பலவீனமானதும் இதுதான்.

நிறுவு திறன் என்பது முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு தரும் என்பது. 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா, இரவையும் மேகத்தையும் கழித்தால், ஆண்டுக்கு 20 சதவீதப் பயன்பாட்டில் சுமார் 175 கோடி யூனிட் தரும். அதே 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் 65 சதவீதத்தில் ஓடினால் 569 கோடி. அறிக்கையில் இரண்டும் சரிபாதி, 50–50. உற்பத்தியில் ஒன்றுக்கு மூன்றுக்கும் மேல்.

இந்தியா 2025 ஜூன் மாதமே நிறுவு திறனில் பாதி புதைபடிவம் அல்லாதது என்ற நிலையை எட்டியது. 2030-க்கென்று வைத்திருந்த இலக்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே நிறைவேறியது. அது சாதாரண வேலை இல்லை. ஆனால் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்லாதவர் ஏதோ விற்க வந்திருக்கிறார்.

இந்த எண்ணுக்கு ஒரு நியாயமான பயன் உண்டு. கிராமும் டன்னும் நேற்று நடந்ததைச் சொல்கின்றன. புதிதாக எதைக் கட்டுகிறார்கள் என்பது நாளை வரப்போவதைச் சொல்கிறது. உருகுவேயின் யூ.டி.இ. நிறுவனம் நீண்டகால ஒப்பந்தங்கள் போட்டுக் காற்றாலைகளைக் கொண்டுவந்தது. பத்தாண்டுக்குள் காற்று நாட்டு மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தது. அங்கே திறனும் உற்பத்தியும் சேர்ந்தே ஏறின, ஏனென்றால் காற்று குறையும்போது தாங்க அணைகள் இருந்தன. அப்படித் தாங்குவதற்கு அணையோ பேட்டரியோ போதிய கம்பியோ இல்லாத இடத்தில், தகடு தயாராக இருந்தும் ‘கொஞ்சம் நிறுத்துங்கள்’ என்று சொல்லி மின்சாரத்தை வீணாக்க வேண்டிவரும். அந்த வீணுக்கு நிறுவு திறன் அட்டவணையில் பத்தி கிடையாது.

## அளவுகோல் 4: சங்கிலி முழுவதையும் கணக்கில் எடுப்பது

2001-இல் வந்த பசுமை இல்ல வாயுக் கணக்கு நெறிமுறை உமிழ்வை மூன்று வட்டமாகப் பிரிக்கிறது. ஸ்கோப் 1, நிறுவனத்தின் சொந்தப் புகைபோக்கி. ஸ்கோப் 2, அது வாங்கிப் பயன்படுத்தும் மின்சாரம். கம்பி நிறுவனத்துக்குக் கம்பி இழப்பும் இதில்தான் வரும். ஸ்கோப் 3, மற்ற எல்லாம்: எரிபொருள் தோண்டுவது, கப்பலில் கொண்டுவருவது, வாங்கி வாடிக்கையாளருக்கு விற்ற மின்சாரம். உற்பத்தியைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டு வாங்கி விற்கும் நிறுவனத்துக்கு ஸ்கோப் 1 சுத்தமாக இருக்கும். அழுக்கு முழுவதும் ஸ்கோப் 3-இல்.

இந்த அளவுகோலை எடுத்தால்தான் சில விஷயங்களே கண்ணில் படும். எரிவாயு நிலக்கரியில் பாதிதான் புகையும் என்பது புகைபோக்கியில் உண்மை. ஆனால் எரிவாயு என்பதே பெரும்பாலும் மீத்தேன். வழியில் கசியும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்கு சூடேற்றும்; கசிவு கொஞ்சம் கூடினாலும் அந்த லாபம் கரையத் தொடங்கும். துணைமின் நிலையத்து பிரேக்கர்களில் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகள்) அடைத்திருக்கும் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயு அதைவிட மோசம்: ஒரு கிலோ கசிந்தால் 24 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். அளவில் சின்னதுதான், ஆனாலும் ஒரு நிறுவனம் அதை அளந்து எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது, வீட்டைச் சுத்தம் செய்தவர் கட்டிலுக்கு அடியில் பெருக்கினாரா என்று குனிந்து பார்ப்பது மாதிரி.

எரிபொருளாக மரத்தூளும் மரவில்லையும் (தூளை அழுத்திச் செய்த சிறு கட்டிகள்) ஒரு பெரிய சண்டை. எரித்த மரம் திரும்ப வளரும் என்ற நம்பிக்கையில் அதன் புகையைப் பூஜ்ஜியமாக எழுதலாம் என்கிறது கணக்கு முறை. இந்தோனேசியாவின் பி.எல்.என். நிறுவனம் 52 நிலக்கரி நிலையங்களில் மரம், பயிர்க்கழிவு போன்ற உயிர்ப்பொருளைக் கலந்து எரிக்கும் திட்டம் வைத்தது. அறுவடைக் கழிவு என்றால் ஒரு கதை, காட்டை வெட்டி நட்ட தோட்டத்து மரம் என்றால் வேறு கதை. ஏட்டில் இரண்டும் ஒரே பூஜ்ஜியம். அதே நாட்டில் நிக்கல் உருக்காலைகள் தங்களுக்கென்றே நிலக்கரி நிலையங்களைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அவை தேசிய மின்கட்டமைப்புக்கு வெளியே. பி.எல்.என். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அந்தப் புகை அதன் கணக்கில் வராது, நாட்டின் கணக்கில் வரும்.

சான்றிதழ் வியாபாரமும் இங்கேதான் வெளிச்சத்துக்கு வரும். நார்வேயின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீரும் காற்றும். ஆனால் ‘இது பசுமை மின்சாரம்’ என்ற உரிமைச் சான்றிதழ்களை ஐரோப்பாவுக்குத் தனியாக விற்றுவிடுகிறார்கள். அதனால், சான்றிதழ் வாங்காத ஒரு நார்வேக்காரர் அணைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாலும், சந்தைக் கணக்குப்படி அவர் வீட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு புதைபடிவ எரிபொருள். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் விதி அப்படித்தான், அதனால் எந்த அறிக்கையிலும் ‘இட அடிப்படையா (அந்த இடத்துக் கம்பியில் வரும் மின்சாரம்), சந்தை அடிப்படையா (வாங்கிய சான்றிதழ்)’ என்று பார்க்காமல் எண்ணைத் தொடாதீர்கள்.

குறை? ஸ்கோப் 3 எண்களில் பெரும்பாலானவை மதிப்பீடு. இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாக மதிப்பிடும். ஒன்று நேர்மையாக எல்லாவற்றையும் சேர்த்தால், பாதியை விட்டுவிட்ட மற்றதைவிட மோசமாகத் தெரியும். நேர்மைக்கு அபராதம் விழும் அளவுகோல் இது.

## அளவுகோல் 5: வாக்குறுதியும் மூடும் தேதியும்

2050 நெட் ஜீரோ, அதாவது வெளியிடுவதும் திரும்ப உறிஞ்சுவதும் சமமாகும் நிலை, என்று எழுதுவதற்கு மைச் செலவு மட்டும்தான். அந்த ஆண்டு வரும்போது இன்றைய தலைவர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார். உலகம் முழுவதும் 2050-இல் நெட் ஜீரோ ஆக வேண்டுமானால், வளர்ந்த நாடுகளின் மின்துறை 2035-இலும் மற்றவை சேர்ந்து மொத்த மின்துறையும் 2040-இலும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2021-இல் வரைந்த பாதை சொன்னது. மின்துறைதான் முதலில் ஓடி முடிக்க வேண்டிய பந்தயம்.

எனவே வாக்குறுதியில் நான் தேடுவது பெயரும் தேதியும்: எந்த நிலையம், எந்த அலகு, எந்த ஆண்டு. டென்மார்க் அரசுக்குப் பெரும்பங்கு உள்ள ஓர்ஸ்டெட், முன்பு பெயரிலேயே எண்ணெயையும் எரிவாயுவையும் வைத்திருந்த நிறுவனம். 2017-இல் பெயரை மாற்றியது. நிலக்கரியை விடுவதற்கு 2023 என்று தேதி குறித்தது. 2022-இன் எரிவாயு நெருக்கடியில் சில நிலையங்களைத் தொடர்ந்து ஓட்டும்படி அரசே உத்தரவிட்டது. கடைசி நிலக்கரி நிலையமான எஸ்பியர் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. தேதி கொஞ்சம் தவறியது, ஆனால் தேதி இருந்ததால்தான் தவறியது என்று நமக்குத் தெரிகிறது.

தேதியைக் காப்பாற்றியும் கசப்பாக முடிந்த கதையும் உண்டு. எஸ்காமின் கோமாட்டி நிலையம் 2022 அக்டோபரில் மூடப்பட்டது. அந்த இடத்தில் சூரியன், காற்று, பேட்டரி, பயிற்சி மையம் என்று மாற்ற உலக வங்கி 49.7 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. மாற்று வேலைகள் வருவதற்குள் பழைய வேலைகள் போய்விட்டன என்ற குமுறல் அந்தச் சிற்றூரில் எழுந்தது. அடுத்து மூட இருந்த பழைய நிலையங்களின் ஆயுளும் நீட்டிக்கப்பட்டது. வாக்குறுதியை மதிப்பிடும்போது மூடும் தேதிக்குப் பக்கத்திலேயே தொழிலாளர்களுக்கான தொகை எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது இரக்கத்தால் மட்டும் சொல்வதில்லை. அது இல்லாத தேதி அநேகமாகத் தள்ளிப்போகும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | காற்றில் நடப்பதைக் காட்டுமா | மழை, பழுதைப் பிரிக்குமா | ஏட்டில் ஏமாற்றுவது | ஒப்பிட வசதி |
|---|---|---|---|---|
| மொத்த டன் | ஆம், நேராக | இல்லை | விற்றால் போதும் | அளவு ஒத்த நிறுவனங்களுக்கு மட்டும் |
| யூனிட்டுக்குக் கிராம் | பாதி. வளர்ச்சியை மறைக்கும் | ஐந்தாண்டுச் சராசரியில் ஓரளவு | வகுக்கும் எண்ணில் | நன்று |
| நிறுவு திறன் பங்கு | இல்லை | மழை, பழுது இதைத் தொடாது | மிகச் சுலபம் | ஒப்பிடலாம், பயன் குறைவு |
| சங்கிலி முழுவதும் | மிக நன்றாக | ஓரளவு | மதிப்பீட்டில், சான்றிதழில் | கடினம் |
| வாக்குறுதி, மூடும் தேதி | இன்னும் நடக்காதது | பொருந்தாது | 2050 என்றால் சுலபம். பெயரும் தேதியும் இருந்தால் கடினம் | நிலையம் நிலையமாகத்தான் |

## கேட்ட மூவருக்கும்

மாணவிக்கு: இரண்டு நாடுகளை ஒப்பிட யூனிட்டுக்குக் கிராமை எடுங்கள், இறக்குமதியைச் சேர்த்து, ஐந்து ஆண்டுக்கு. மொத்த டன்னை இரண்டாவது அட்டவணையாக வையுங்கள். ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்கும் பக்கத்தில் ‘ஏன்’ என்று ஒரு பத்தி விடுங்கள். ஆய்வேட்டின் உயிர் அந்தப் பத்தியில்தான் இருக்கும். ஒரு நாடு நீர்மின் நாடாக இருந்தால் மழை அளவையும் அதே அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

பத்திரம் வாங்க நினைப்பவருக்கு: பசுமைப் பங்கு சதவீதத்தை மறந்துவிடுங்கள். உங்களுக்கு ஐந்தாவது அளவுகோல்தான். நீங்கள் தரும் பணம் சூரியப் பூங்காவுக்கே போகலாம். அதே நிறுவனம் தன் மற்ற வருமானத்தில் புதிய நிலக்கரி அலகு கட்டிக்கொண்டிருந்தால், உங்கள் பணம் அதற்கு இடம் ஏற்படுத்திக் கொடுத்தது என்றுதான் அர்த்தம். பத்திரத்தின் பயன்பாட்டுப் பக்கத்தோடு நிறுவனத்தின் மொத்த மூலதனச் செலவுத் திட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். புதிய நிலக்கரி அலகு 40 ஆண்டு ஓடுவதற்காகக் கட்டப்படுவது. அதை முன்கூட்டியே மூட நேர்ந்தால் இழப்பு வருவாயில் விழும், அப்போது உங்கள் வட்டியையும் அது தொடும்.

கார்க்காரருக்குக் கிராம்தான், ஆனால் பிளக்கில் வரும் கிராம். சின்ன மின்சாரக் கார் கிலோமீட்டருக்கு சுமார் 0.15 யூனிட் எடுக்கும். மின்கட்டமைப்பின் சராசரி யூனிட்டுக்கு 720 கிராம் என்றால் 108 கிராம். கம்பி இழப்பு 20 சதவீதத்தைச் சேர்த்தால் 135. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார், லிட்டருக்கு 2.3 கிலோ என்ற கணக்கில், 153 கிராம். நிலக்கரி மிகுந்த கட்டமைப்பில்கூட மின்சாரக் கார் கொஞ்சம் முன்னால்தான் நிற்கிறது. எண்ணெய்க் கிணறு, சுத்திகரிப்புச் செலவைப் பெட்ரோல் பக்கம் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். ஆனால் நிலக்கரி மிகுந்த கட்டமைப்பில், பேட்டரி செய்யும்போது வந்த புகையை ஈடுகட்ட ஓட வேண்டிய தூரமும் கூடும். கட்டமைப்பு 400 கிராமுக்கு வந்துவிட்டால் அதே கார், அதே கம்பி இழப்போடு 75 கிராம். பெட்ரோல் கார் பழையதாகும்போது புகை கூடும், இது குறையும்.

ஒரு விஷயம் அவர் கையிலேயே இருக்கிறது. ஆண்டுச் சராசரி என்பது இரவையும் பகலையும் கலந்த எண். சூரியத் தகடுகள் நிறைய உள்ள கட்டமைப்பில் நண்பகல் யூனிட்டும் இரவு எட்டு மணி யூனிட்டும் ஒன்றல்ல. பொழுது சாய்ந்ததும் நிலக்கரியையும் எரிவாயுவையும்தான் ஏற்றுவார்கள். அலுவலக நிறுத்துமிடத்தில் சார்ஜர் போட்டுத் தருகிறார்களா என்று முதலில் விசாரிக்கச் சொன்னேன்.